தூண்டில்கள் கைமாறிய வாரம்

மரியதாசன், சண்முகலிங்கத்தின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த செய்தி, அவன் மனைவி இமெல்டா வேலைக்கு வருவதற்கு முன்பே டோர்வல் விடுதியின் சமையலறைக்கு வந்துவிட்டது. சண்முகலிங்கத்தின் மனைவி புஷ்பராணி ஏப்ரனைக் கட்டாமல் தோளில் போட்டபடி வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடமாக இரண்டு பெண்களும் ஒரே கட்டடத்தில் வேலை செய்தார்கள். ஒருத்தி சமையலறையில், மற்றவள் நோயாளிகளைத் தூக்கிக் குளிப்பாட்டிச் சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்லும் பிரெப்போசே வேலையில். குளிர் தொடங்கிவிட்டது என்பதற்கு மேல் கதைத்ததில்லை.

"அக்கா, நேற்று அண்ணை வந்தவர். நான் கதவைத் திறந்தா மனிசன் மழைக்குள்ளை நிக்கிறார். எனக்குக் கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை."

"எனக்கும் சொல்லேல்லை. பால் வாங்க டெப்பனர் கடைக்குப் போறன் எண்டுதான் வெளிக்கிட்டவர்."

"பால் வாங்கினவரோ?"

"வாங்கினவர். இருட்டினாப்பிறகு."

"இவர் சோபாவை விட்டு எழும்பவுமில்லை. 'ஆரது?' எண்டார். 'நான் மரியான்' எண்டார் அண்ணை. 'மரியான் எண்டா சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா, கார்ப்பெற் புதுசு' எண்டார் இவர். அவ்வளவுதான். இரண்டு வருசக் கோபம் சப்பாத்தோடை கழண்டுது."

இமெல்டா சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"என்ன குடுத்தனீர்?"

"என்னத்தைக் குடுக்கிறது, திடீரெண்டு வந்தா. கத்தரிக்காய்ப் பால்கறியும் முட்டையும். மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவர். போகேக்கை என்ரை தலையிலை கை வச்சவர், அக்கா. ஒருநாளும் அப்பிடிச் செய்யாத மனிசன்."

மரியதாசன் பாசையூரில் கடலுக்குப் போன குடும்பத்தவன், கத்தோலிக்கன். சண்முகலிங்கம் கோண்டாவில் சைவக்காரன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிய காலத்துக் கூட்டு. இருவருக்கும் முதுகு போனதும் பெட்டி ஓடும் ஒரே பெல்ட்டில்தான். லசாலில் அடுத்தடுத்த தெருக்களில் வீடு. ஒருவன் வீட்டில் தண்ணீர்க்குழாய் உறைந்தால் மற்றவன் போய் நிற்பான். அந்தக் கூட்டு மதுஷனின் செத்தவீட்டில் முறிந்தது.

மதுஷன் இமெல்டாவின் மகன். இருபத்திரண்டு வயதில் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். அவனுக்கு நெஞ்சு வருத்தம் என்று செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னார்கள். இந்தச் சனத்தின் செத்தவீட்டில் வீட்டுக்காரர் சொல்வதுதான் காரணம். வந்தவர் அதைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போகவேண்டும். எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். சண்முகலிங்கம் மட்டும் மரியதாசனை வெளிப்படிக்கட்டுக்குக் கூட்டிவந்து கேட்டான். "டேய், பொடியன் தானாச் செய்தவனோ? என்னட்டையாவது சொல்லடாப்பா." மரியதாசன் அவனுடைய கோட்டைப் பிடித்துத் தள்ளினான். சண்முகலிங்கம் பனியில் சறுக்கிப் படிகளில் விழுந்து எழும்பிப் போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மகனின் பெயரும் சொல்லப்படவில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் மகள் றொஷினி தொலைபேசியில் அழைத்தால் வானிலை கேட்பார்கள். மதுஷனின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அறையின் ஹீட்டரை மட்டும் இமெல்டா நிறுத்தவில்லை. குளிர்காலத்தில் நடையைத் தாண்டும்போது கதவின் கீழ் இடுக்கால் சூடு வந்து கணுக்காலில் படும். உள்ளே யாரோ இருப்பதுபோல. அவள் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக நடப்பாள்.

மரியதாசன் இரண்டு வருடமும் சத்தத்தை நிறுத்திய தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான். சவரம் செய்யமாட்டான். கேட்டதற்கு மட்டும் பதில். ஒக்டோபர் பிற்பகுதியில்தான் மாறினான். ஒருநாள் காலை சவரம் செய்துகொண்டு நின்றான். பிறகு பால்கனிக் கதவின் இடுக்குகளை அடைத்தான். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து எது குசினிக்கு, எது குளியலறைக்கு என்று இமெல்டாவைக் கூப்பிட்டுக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளின் வெறும் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் அவளைக் காரோட்ட வைத்தான்.

"சறுக்கினா பிரேக்கை அமத்தாதையும். சறுக்கிற பக்கம் திருப்பும்."

"உதெல்லாம் எனக்கு என்னத்துக்கு? நீங்கள்தானே ஏத்தி இறக்கிறியள்."

"பழகி வையும். எப்பவும் நான் வருவனே?"

அவள் அதை முதுகு நோவின் கதை என்று எடுத்துக்கொண்டாள். மனிசன் எழும்பிவிட்டான் என்று செவ்வாய்க்கிழமை வேலை முடிய மலைச் சூசையப்பர் கோயிலுக்கு ஏறிப் போய் நன்றிக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

புதன்கிழமை காலை நடையைத் தாண்டும்போது கணுக்காலில் சூடு படவில்லை. அவள் நின்றாள். குசினியில் மரியதாசன் மீன் பொதிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அந்த அறை ஹீட்டரை நிப்பாட்டினனீங்களோ?"

"ஓம். சும்மா என்னத்துக்கு எரியுது."

அவள் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் இதுவும் நல்லதற்குத்தான், மனிசன் அதைக் கடந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டாள்.

அன்றைக்கு விடுதியில் பயிற்சி. சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகளை ஒதுக்கி வட்டமாகக் கதிரை போட்டிருந்தார்கள். விடுதிக்கு வருபவர்கள் வடக்கே, தெருவே போகாத ஊர்களிலிருந்து விமானத்தில் வரும் இனுயிட் பழங்குடிச் சனங்கள். சிறுநீரகம், புற்றுநோய், சிக்கலான பிரசவம் என்று வந்து வைத்தியம் முடியும்வரை தங்குவார்கள். ஓடுபாதைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தங்கள் ஊர்ப் பக்கம் போகும் விமானத்தைச் சத்தத்திலேயே அறிவார்கள். அந்த ஊர்களில் உயிரைத் தாங்களே எடுத்துக்கொள்பவர்கள் அதிகம், பெரும்பாலும் இளம் ஆட்கள். அந்த நினைப்போடு இங்கே வந்து படுத்திருக்கும் ஒருவரிடம் எப்படிக் கதைப்பது என்பதுதான் பயிற்சி. தாதிகள், பிரெப்போசேக்கள், வான் ஓட்டுபவர், சமையலறைக்காரர் எல்லோரும் வரவேண்டும் என்பது உத்தரவு.

நடத்த வந்தவள் அகினிசி. வடக்கு ஊர்க்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும், பச்சை ஸ்வெட்டர், வாயில் சூயிங்கம். அலுவலகம் ஒவ்வொருவர் கதிரையிலும் வைத்திருந்த கேள்வித்தாள்களை முதலில் சேகரித்தாள். கோப்பிக் கொதிகலனுக்குக் கீழே வைத்தாள்.

"அது ஆடிக்கொண்டிருந்தது," என்றாள். ஆங்கிலத்தில் மெதுவாகக் கதைத்தாள். "இந்தத் தாளோடு போனால் மூன்றாவது கேள்விக்குள் உங்களைப் பொலிஸ் என்று எங்கள் ஆட்கள் முடிவுகட்டிவிடுவார்கள். முன்னால் நின்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும். தையலோ, தேநீரோ. அவர் பேசாவிட்டால் நீங்களும் பேசாமல் இருங்கள். எங்களிடம் பேசாமல் இருப்பது மறுப்பு இல்லை."

பிறகு அவள் இரண்டு புருவத்தையும் மெல்ல உயர்த்தி இறக்கினாள். "நான் என்ன சொன்னேன்?"

சமையலறைக்காரர்கள் சிரித்தார்கள். சூப் வேண்டுமா என்று கேட்டு இந்தப் புருவப் பதிலை வாங்கிப் பழகியவர்கள்.

"ஆம் என்று சொன்னேன். தெற்கே ஒரு நகரத்தில் என் தம்பியிடம் ஒரு தாதி கேட்டாள், சாக நினைக்கிறாயா என்று. அவன் புருவத்தை உயர்த்தினான். பதில் இல்லை என்று அவள் எழுதிக்கொண்டு போனாள். கெட்ட பெண் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரை துடைக்க வந்த ஒருவர் கண்டபடியால் தம்பி உயிரோடு இருக்கிறான். இரண்டு பிள்ளைகள். இப்போதும் என்னைவிட அதிகம் சாப்பிடுகிறான்."

மேலே ஒரு விமானம் ஏறியது. அது போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"இப்போது சோடி சோடியாகத் திரும்புங்கள். அந்தக் கேள்வியை உங்கள் சொந்த மொழியில் கேளுங்கள். வீட்டில் கேட்கத் தெரியாத ஒன்றை வேலையில் இரவல் மொழியில் கேட்க முடியாது."

இமெல்டாவும் புஷ்பராணியும் கதிரைகளைத் திருப்பினார்கள்.

"நீங்கள் கேளுங்கோ அக்கா."

"நீர் முதல் கேளும்."

"சரி. அக்கா, உங்களுக்கு மனம் கினம் சரியில்லையோ?"

"அது ஆருக்குத்தான் சரி?"

"வாழ்க்கை வெறுத்துப்போச்சோ?"

"உம்மடை தலைமைச் சமையல்காரரைக் கண்டா எனக்கும் வெறுக்கும்."

இருவரும் சிரித்தார்கள். அகினிசி வந்து பக்கத்தில் குந்தினாள். என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தாள். புஷ்பராணி மொழிபெயர்த்தாள்.

"அது வேறு கேள்வி," என்றாள் அகினிசி. "சாவு என்ற சொல் அதற்குள் இருக்கவேண்டும். கேட்டால் நீங்கள்தான் அந்த நினைப்பைக் கொடுத்துவிடுவீர்கள் என்று பயம். இல்லை. அது ஏற்கனவே அங்கே இருக்கிறது. அவர் அதோடு தனியாக இருக்கிறார், அவ்வளவுதான்."

அவள் அடுத்த சோடிக்குப் போனாள். புஷ்பராணி குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கடை வாயிலை வருமே உது? விளக்கு வைக்கிற வீட்டிலை அந்தச் சொல்லை எடுக்கக்கூடாது எண்டு அடிச்செல்லோ வளர்த்தது."

இமெல்டா அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்க நினைத்தாள். வாயைத் திறந்து பார்த்தாள். சொல் நாக்கின் அடியில் கல்லாகக் கிடந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அகினிசி வடக்கிலிருந்து கொண்டுவந்த மீனை நிலத்தில் அட்டை விரித்து வைத்தாள். செம்மஞ்சள் சதை. பாதி உறைந்தது, பச்சையாக. விரும்பியவர் நிலத்தில் இருந்து வெட்டிச் சாப்பிடலாம். இமெல்டா செவிளைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல மீன். ஒரு துண்டு வாயில் போட்டாள். புஷ்பராணி தூரத்தில் நின்று தயிர்ச்சோற்றுப் பெட்டியைத் திறந்தாள்.

"அக்கா, பச்சையா? மிளகாய்த்தூளாவது தரட்டோ?"

"சும்மா இரும். நல்லாயிருக்கு."

அகினிசி வெட்டிக்கொண்டே கதைத்தாள். பயிற்சி முடிந்து இளைப்பாறும் கதை போலத்தான் இருந்தது.

"இது என் சித்தப்பா வலை போட்ட ஆற்றின் மீன். அவர் ஒரு குளிர்காலம் முழுக்க யாரோடும் பேசவில்லை. பிறகு வசந்தத்தில் எழும்பினார். தலைமயிர் வெட்டினார். பகையாளி வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்தார். எங்களுக்குச் சந்தோஷம். தேவாலயத்தில் நன்றி சொல்லி விருந்து வைத்தோம். விருந்திலேயே தன் வலையை அந்தப் பகையாளியிடம் கொடுத்தார். எவ்வளவு பெரிய மனசு என்று கைதட்டினோம். நான்தான் உரக்கத் தட்டினேன்." கத்தியைத் துடைத்தாள். "அவர் முடிவு எடுத்துவிட்டார். எடுத்தபடியால்தான் பாரம் இறங்கியிருந்தது. அவர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் அதை வாயால் சொல்லமாட்டார்கள். வலையால் சொல்வார்கள். என் மகனுக்கு அவர் பெயர்தான் வைத்தேன். இப்போது நாள் முழுக்க அவரைக் கூப்பிடுகிறேன். சாப்பிடு என்று, சப்பாத்தைப் போடு என்று."

புஷ்பராணி கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். "பாவம். வலைக்காரன் வலையைக் குடுக்கிறதெண்டா..." என்றவள் நிறுத்தினாள். கரண்டி திரும்பிப் பெட்டிக்குள் வந்தது.

"அக்கா."

"என்ன?"

"அண்ணை ஞாயிற்றுக்கிழமை போகேக்கை காருக்குள்ளை இருந்து தூண்டில் எல்லாத்தையும் எடுத்து இவரிட்டைக் குடுத்திட்டுப் போனவர். உங்களுக்குச் சொல்லேல்லையே?"

இமெல்டாவின் வாயில் மீன் துண்டு இருந்தது. அவள் அதை விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. அந்தத் தூண்டில்களை மரியதாசன் மதுஷனைக்கூடத் தொட விட்டதில்லை. கோடையில் ஆற்றங்கரைக்குப் போய்வந்தால் எண்ணெய் போட்டுத் துடைத்து, கட்டிலுக்கடியில் துணி சுற்றி வைப்பான்.

"அந்த நீலச் சுருள் போட்டதுமோ?"

"எல்லாம். இவர் வேண்டாம் எண்டவர். 'எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, நாறும்' எண்டவர். 'வச்சிரு' எண்டார் அண்ணை."

ஃபியூஸ் பெட்டி, வெறும் நிறுத்துமிடம், சறுக்கும் பக்கம் திருப்பும் சக்கரம், தலையில் வைத்த கை, இன்று காலை கணுக்காலில் படாத சூடு. செவ்வாய்க்கிழமை அவள் ஏற்றிய மெழுகுதிரி. இமெல்டா எழும்பி மீன் கையோடு தொலைபேசியை எடுத்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடியும் போனது. எடுக்கவில்லை.

அகினிசி எழும்பி வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். என்ன என்று கேட்கவில்லை.

"பக்கத்தில் யார் இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டாள்.

புஷ்பராணி ஏற்கனவே கணவனை அழைத்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இப்பவே அண்ணை வீட்டை ஓடுங்கோ... ஏனெண்டு பேந்து சொல்லுறன்... சோறு கிடக்கட்டும்... போனை வையாதையுங்கோ, கையிலை வச்சுக்கொண்டே போங்கோ."

சமையலறைக் குளிர்ப்பெட்டியின் இரைச்சல் கேட்டது. தொலைபேசிக்குள் ஒரு மனிசன் மூச்சிரைக்க நடந்தான். கதவு தட்டினான். மறுபடி தட்டினான். பிறகு பேச்சுக்குரல். புஷ்பராணி சுவரில் சாய்ந்தாள்.

"நிக்கிறாராம். மீன் வெட்டிக்கொண்டு நிக்கிறாராம். தண்ணிச் சத்தத்திலை கேக்கேல்லையாம்."

இமெல்டா கதிரையில் இருந்தாள். "அப்ப ஒண்டுமில்லை," என்றாள். "நாங்கள்தான் வீணா."

"இல்லை," என்றாள் அகினிசி, அவளுக்குத் தமிழ் தெரிந்ததுபோல. "போய்க் கேள். நாளைக்கு என்று வைக்காதே. தனியே விடாதே. ஓம் என்று சொன்னால் ஆஸ்பத்திரி, இன்றைக்கே." தன் தொலைபேசி எண்ணை இமெல்டாவின் புறங்கையில் பேனாவால் எழுதினாள்.

புஷ்பராணியின் காரில் போனார்கள். பனி தொடங்கியிருந்தது. நிலத்தில் ஒட்டாத முதல் பனி, கண்ணாடியில் விழுந்து நீராக ஓடியது. நெடுஞ்சாலையில் ஒரு பாரவண்டி சேற்றை அடித்துவிட்டுப் போனது.

"புஷ்பம், நான் உமக்கு ஒண்டு சொல்லவேணும். மது... அவனுக்கு நெஞ்சு வருத்தம் இல்லை."

புஷ்பராணி கண்ணாடித் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினாள்.

"தெரியும் அக்கா."

"எப்ப தொடக்கம்?"

"அண்டைக்கே."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும். நீங்கள் நெஞ்சு எண்டு சொன்னியள். நாங்கள் நெஞ்சு எண்டே கொண்டுபோனம். என்ரை மகள் கேட்டதுக்கும் நெஞ்செண்டுதான் சொன்னனான்."

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே."

"இவர் கேட்டவர். படியிலை விழுந்து முழங்கால் வீங்கினதுதான் மிச்சம்."

இமெல்டா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். இரண்டு வருடமாக ஒரு பொய்யைத் தனியே சுமப்பதாக நினைத்திருந்தாள். ஊரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. பிடித்த கைகளோடு யாராலும் அவர்களுடைய கதவைத் தட்ட முடியவில்லை.

வெளிப்படிக்கட்டின் கைப்பிடியில் பனி ஈரம். உள்ளே மீன் வெடில் அடித்தது. குசினி மேசையில் சண்முகலிங்கம் கோட்டைக் கழற்றாமல் இருந்தான். அவனுக்குப் பின்னால் கதவுச் சுவரோடு துணி சுற்றிய தூண்டில்கள் சாய்ந்து நின்றன.

"நீ போன் போடேக்கை உதுகளைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்," என்றான் மனைவியிடம். "ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு இது சரியாப் படேல்லை. அதுதான் தூக்கிக்கொண்டு வந்தனான்."

மரியதாசன் கழுவுதொட்டியில் நின்று விளைமீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் துண்டுபோட்டுக் கட்டிய பொதிகள் அடுக்காக இருந்தன. ஒரு ஆளுக்குப் போதுமான அளவு, ஒவ்வொன்றும். இமெல்டா அந்த அளவைப் பார்த்தாள்.

"என்ன எல்லாரும் ஊர்வலமா வந்திருக்கிறியள்?" என்றான். "வேலை இல்லையோ?"

"அரை நாள்தான்," என்றாள்.

சண்முகலிங்கம் அவளிடம் மெதுவாகச் சொன்னான். "நான் ஒருக்காக் கேட்டு வாங்கிக் கட்டினது காணும். நீங்கள் கேளுங்கோ, அக்கா."

இமெல்டா கோட்டைக் கழற்றினாள். மேசையில் பேப்பரை விரித்து, வெட்டாத மீன்கள் கிடந்த தட்டைத் தூக்கிவந்து வைத்தாள். இரண்டு கதிரைகளைப் பக்கம் பக்கமாக இழுத்தாள்.

"இஞ்சை இருந்து வெட்டுங்கோ. முதுகு நோகும். நான் செதில் எடுக்கிறன்."

அவன் தயங்கிவிட்டு வந்து இருந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெட்டினார்கள். செதில்கள் பறந்து அவள் முன்கையில் ஒட்டின. புஷ்பராணி கேத்திலைப் போட்டாள். மூன்று மீன் முடிந்தது.

"மதுஷன்," என்றாள் இமெல்டா.

கத்தி நின்றது. அந்த வீட்டின் சுவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமில்லாமல் போயிருந்தது.

"மதுஷன் செய்ததை நீங்களும் செய்ய யோசிக்கிறியளோ? சாக நினைக்கிறியளோ?"

கேத்தில் கொதித்து நின்றது. அவள் காத்திருந்தாள். பேசாமல் இருப்பது மறுப்பு இல்லை. கையிலிருந்த மீனைத் திருப்பி மறுபக்கச் செதிலை எடுத்தாள். முடிந்ததும் இன்னொன்றை எடுத்தாள்.

"ஓம்," என்றான் மரியதாசன்.

சண்முகலிங்கம் வெளியே பார்த்தான்.

"எப்ப?"

"றொஷினி நத்தாருக்கு வந்திட்டுப் போகட்டும் எண்டு இருந்தனான். பண்டிகையைக் கெடுக்கக்கூடாது."

அவன் அதை விருந்தாளிக்கு இடம் ஒதுக்குவதுபோலச் சொன்னான். இமெல்டா அடுத்த மீனை எடுத்தாள். அவள் கத்தியை வைக்கவில்லை.

"அவனையும் இப்பிடிப் பக்கத்திலை இருத்திக் கேட்டிருந்தா?" என்றான்.

"தெரியாது."

"இருந்திருப்பான்."

"தெரியாது. எனக்குத் தெரியாது."

அவன் மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "உமக்கு ஒருநாளும் வரேல்லையோ, அந்த எண்ணம்?"

இரண்டு வருடத்தில் அவளையும் யாரும் கேட்டதில்லை.

"வந்தது. வரும். வேலைக்கு நேரமாகுது எண்டு எழும்பிப் போயிடுவன்."

"எனக்குப் போக வேலை இல்லையே."

"அதுக்கு என்னை இழுத்துக்கொண்டு திரிஞ்சிருக்கலாமே," என்றான் சண்முகலிங்கம். "படியாலை தள்ளிவிட்டிட்டாய், நாயே."

"சண்முகம், நீ வாயை மூடு."

"மூடமாட்டன். ரெண்டு வருசம் மூடினது காணும்."

புஷ்பராணி தேத்தண்ணியை நான்கு கோப்பைகளில் ஊற்றினாள். யாரும் குடிக்கவில்லை. இமெல்டா புறங்கையிலிருந்த எண்ணை அழைத்தாள். அகினிசி எடுத்தாள். இரண்டு வசனம்தான். பிறகு கையைக் கழுவாமல் எழும்பினாள்.

"இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"மீன் கிடக்கு."

"புஷ்பம் பாப்பாள்."

"நானோ?" என்றாள் புஷ்பராணி. "நான் மீன் வெட்டினதே இல்லை." பிறகு ஏப்ரனைத் தேடினாள். "சரி, போங்கோ. தலையை என்ன செய்யிறது எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"தலை சொதிக்கு," என்றான் மரியதாசன்.

சண்முகலிங்கம் முதலில் படியிறங்கிக் காரைச் சூடாக்கினான். மரியதாசன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். தூண்டில்களைப் பார்த்தான். தொடவில்லை என்றுதான் இமெல்டா நினைத்தாள். கதவை இழுத்துச் சாத்தும்போது ஒரு தூண்டிலின் நுனி நிலைக்குள் நசியப்போனது. அவன் ஒரு விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசை. ஈரக் கோட்டுகளின் மணம், யாரோ ஒரு குழந்தையின் இருமல். கூப்பிட்டபோது மூவருமாகப் போனார்கள். தாதி இளம் பெண். களைத்திருந்தாள், ஆனால் பொன்ஜூர் என்று முகம் பார்த்துச் சொன்னாள். பெயர், பிறந்த திகதி, மருந்துகள். பிறகு திரையைப் பார்த்தபடி பிரெஞ்சில் கேட்டாள், உங்களை நீங்களே கொல்லும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா, மிஸியு.

மரியதாசன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு, மெல்ல. யாழ்ப்பாணத்துக் கடைக்காரனிடம் கேட்டால் அதற்கு ஓம் என்பான்.

தாதி ஓரக்கண்ணால் கண்டாள். "இல்லை, சரி," என்று சொல்லிக்கொண்டே விசையைத் தட்டப் போனாள்.

இமெல்டாவின் கை மேசையில் விழுந்தது. முன்கையில் மீன் செதில்கள் காய்ந்திருந்தன.

"ஓம் எண்டு சொன்னவர்," என்றாள் தமிழில். பிறகு தன்னிடமிருந்த பிரெஞ்சையெல்லாம் கூட்டிச் சொன்னாள். "அது இல்லை என்பது இல்லை. எங்கள் ஆட்களில் அது ஆம். திரும்பக் கேளுங்கள். அவரைப் பார்த்துக் கேளுங்கள்."

தாதி கையை எடுத்தாள். கதிரையைத் திருப்பி, மேசையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து இருந்தாள். திரும்பவும் கேட்டாள். அவன் தலை திரும்பவும் அப்படியே சாய்ந்தது. அவள் அதை முழுதாகப் பார்த்தாள்.

"குடும்பத்தில் வேறு யாராவது இப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இரண்டு வருடப் பழக்கம் இமெல்டாவின் நாக்கில் எழும்பி வந்தது. நெஞ்சு வருத்தம் என்ற சொல்லுக்கு வாய் தானாகத் திறந்தது.

"மகன்," என்றான் மரியதாசன். "பெயர் மதுஷன்."

தாதிக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. அவன் முன்னால் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, அவள் எழுதி முடிக்கும்வரை சொன்னான்.